ஓர் இல்லத்தில் பல கார்கள்: காப்புறுதிப் பத்திரத்தின் கணக்கும் விலக்கும்

மலாயாவில் கார் என்பது ஒரு காலத்தில் தோட்டத்துரையின் பங்களா வாசலில் நிற்கும் பொருளாக இருந்தது. 1985இல் புரோட்டோன் சாகாவும் 1994இல் பெரோடுவா கஞ்சிலும் சந்தைக்கு வந்தபின் அந்நிலை மாறிற்று. மாதத் தவணை செலுத்திக் கார் வாங்குவது எளிய குடும்பங்களுக்கும் இயல்வதாயிற்று. இன்று சிறுநகர்த் தாமான்களின் வரிசை வீடுகளில் தந்தைக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று, வேலைக்குச் செல்லும் மகனுக்கோ மகளுக்கோ ஒன்று என மூன்று கார்கள் இருப்பது வியப்பன்று. இரண்டு வாசலுக்குள் நெருக்கி நிற்க, மூன்றாவது தெருவோரம் நிற்கும். பேருந்து வசதி குன்றிய ஊர்களில் இதனை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடவும் இயலாது.

இம்மூன்று கார்களுக்கும் ஆண்டுதோறும் காப்புறுதி எடுக்கப்படுகிறது. எடுப்பவர்களுள் பெரும்பாலோர் பத்திரத்தைப் படிப்பதில்லை. முகவரைத் தொலைபேசியில் அழைத்து, கட்டணத்தைக் கேட்டு, பணத்தைச் செலுத்தி, சாலை வரியைப் புதுப்பித்துக் கொள்வதோடு காரியம் முடிந்துவிடுகிறது. குடும்பம் ஒன்று, வாசல் ஒன்று, செலவழியும் பணமும் பெரும்பாலும் ஒரே பணம். ஆகவே காப்புறுதியும் குடும்பம் முழுவதையும் ஒன்றாகக் கருதிக் காக்கும் என்ற எண்ணம் தானாகவே உண்டாகிறது. அவ்வெண்ணம் தவறு. காப்புறுதி நிறுவனம் காண்பவை மூன்றே: ஒரு வண்டி, அதன் பதிவு பெற்ற உரிமையாளர், ஓராண்டுக் காலம். இல்லத்தார் என்ற சொல் பொதுவான கார்க் காப்புறுதிப் பத்திரத்தில் வரும் முக்கிய இடங்களில், பணம் கொடுக்கப்படாத இனங்களுக்கிடையே அது வருகிறது.

சொல்லைப் பற்றியும் ஒரு குறிப்பு. தமிழகத்தில் காப்பீடு எனப்படுவது இந்நாட்டில் காப்புறுதி எனப்படுகிறது. உறுதி என்பதற்குத் திண்மை என்ற பொருளோடு ஆவணம் என்ற பொருளும் உண்டு. யாழ்ப்பாணத்தார் நிலப்பத்திரத்தை உறுதி என்றே வழங்குவர். காப்புறுதி என்ற தொடரில் இரண்டாம் பொருளையும் நினைவிற் கொள்வது நன்று. ஆவணத்தில் எழுதப்பட்ட அளவே காப்பு, எழுதப்படாததற்குக் காப்பில்லை.

இனிச் சட்டம் கேட்பது யாது என்பதைக் காண்க. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90ஆம் பிரிவு, சாலையிற் செல்லும் ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும் மூன்றாம் தரப்பினருக்கு நேரும் மரணம், உடற்காயம் ஆகியவற்றிற்கான காப்புறுதி இருத்தல் வேண்டும் என்கிறது. மூன்று கார்கள் இருப்பின் மூன்று காப்புறுதிகள் வேண்டும். ஒரு காருக்கு எடுத்தது மற்றொரு காரைக் காக்காது. காப்புறுதி மூவகைப்படும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி பிறருக்கு நேரும் கேட்டிற்கு மட்டும் பொறுப்பேற்கும். இரண்டாம் வகை அதனோடு தீயையும் களவையும் சேர்த்துக்கொள்ளும். முழுமைக் காப்புறுதி சொந்த வண்டியின் விபத்துச் சேதத்தையும் ஏற்கும். ஆயினும் முழுமை என்ற பெயரைக் கண்டு மயங்கலாகாது. அதன் குறைகள் பின்னர்க் கூறப்படும்.

கழிவின் கணக்கு

பல கார்கள் உள்ள இல்லத்தில் பெரும் பணம் சேர்வதும் கரைவதும் என்.சி.டி. எனப்படும் கழிவில்தான். ஓராண்டு முழுவதும் இழப்பீடு கோராத உரிமையாளருக்கு அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் தரப்படும் தள்ளுபடியே இது. மலேசியாவில் தனியார் கார்களுக்கு முதலாண்டு முடிந்ததும் 25 விழுக்காடும், பின்னர் முறையே 30, 38.33, 45, 55 விழுக்காடும் கழியும். 55க்கு மேல் ஏறுவதில்லை. கட்டண விகிதங்களை நிறுவனங்களே வகுத்துக்கொள்ளும் முறை 2017 ஜூலை முதல் நாள் முழுமைக் காப்புறுதிக்கு நடைமுறைக்கு வந்தபோதும், இந்த ஏணியில் மாற்றம் செய்யப்படவில்லை.

ஏணியில் ஏற ஐந்தாண்டுகள் வேண்டும். இறங்க ஒரே கோரிக்கை போதும். சொந்தப் பிழையால் நேர்ந்த சேதத்திற்கு இழப்பீடு கோரினாலும், பிறர் அப்பத்திரத்தின்மீது கோரினாலும் கழிவு சுழியத்திற்கு வந்துவிடும். சிங்கப்பூரில் நிலைமை இத்துணைக் கடுமையானதன்று. அங்கே உச்ச அளவு 50 விழுக்காடு. ஒரு கோரிக்கையால் அது 20க்கு இறங்கும், சுழியத்திற்கு வராது. ஜோகூர்ப் பாலத்தின் இரு கரையிலும் உறவினர் உள்ள குடும்பங்களில் ஒரு கரையின் விதியை மறுகரைக்குப் பொருத்திப் பேசுவது வழக்கம், அது கூடாது.

ஆறாம் ஆண்டு மாணவனும் செய்யக்கூடிய கணக்கு ஒன்றைப் பார்க்கலாம். கழிவு நீங்கலான கட்டணம் 1,500 வெள்ளி என்று கொள்க. 55 விழுக்காடு கழிந்தால் செலுத்த வேண்டியது 675 வெள்ளி. கதவில் விழுந்த ஒடுக்கு ஒன்றிற்காக உரிமையாளர் இழப்பீடு கோரிவிடுகிறார். அடுத்த ஆண்டு அவர் 1,500 வெள்ளியையும் செலுத்த வேண்டும். 825 வெள்ளி மிகை. அதற்கடுத்த ஆண்டு 1,125 செலுத்துவார்; மிகை 450. பின்னர் 1,050 செலுத்துகையில் மிகை 375. அடுத்து 925 செலுத்துகையில் 250. அதன்பின் 825 செலுத்துகையில் 150. ஆறாம் ஆண்டில்தான் பழைய 675க்குத் திரும்புவார். மிகைகளைக் கூட்டினால் 2,050 வெள்ளி. கார் பழையதாக ஆக அடிப்படைக் கட்டணமும் குறையும் ஆதலின் உண்மைத் தொகை இதனினும் சற்றுக் குறைவாகவே இருக்கும். எவ்வாறாயினும், 600 வெள்ளிப் பழுதிற்குக் கோரிக்கை அனுப்புவது எவ்வளவு நட்டம் என்பது இதனால் விளங்கும். பட்டறைக்காரர் சொல்லும் தொகையை இந்த மிகைத் தொகையோடு ஒப்பிட்ட பின்னரே படிவத்தில் கையெழுத்திட வேண்டும்.

இக்கழிவு குடும்பத்திற்கு உரியதன்று. அது உரிமையாளர் ஒருவருக்கும் அவருடைய வண்டி ஒன்றுக்கும் உரியது. தந்தையிடம் 55 விழுக்காடு உள்ள கார் ஒன்று இருக்க, மகனுக்காக வாங்கும் புதிய காரையும் அவர் பெயரிலேயே பதிந்தால் கட்டணம் குறையும் என்று பலர் கருதுகின்றனர். இரண்டாவது காரின் கழிவும் சுழியத்திலிருந்தே தொடங்கும். ஒரே கழிவை ஒரே காலத்தில் இரு கார்களுக்குப் பயன்படுத்த விதி இடந்தருவதில்லை. இதில் கெடுவது மகனின் எதிர்காலம். பத்தாண்டுகள் விபத்தின்றி அவன் ஓட்டினாலும், அப்பத்தாண்டின் நற்பெயர் தந்தையின் கணக்கிலேயே ஏறும். பின்னர்த் தன் பெயரில் கார் வாங்கும் நாளில் அவன் புதிதாய் உரிமம் பெற்றவனைப் போல முதற்படியில் நிற்பான். தந்தையின் கழிவு மகனுக்கு மாறாது. வேலை கிடைத்துத் தவணை செலுத்தும் தகுதி பெற்ற பிள்ளையின் காரை அப்பிள்ளையின் பெயரிலேயே பதிவது முதலாண்டில் கட்டணம் சற்று மிகினும் நல்லது.

ஆயினும் ஓர் உரிமையாளருக்கே இரு கார்கள் இருப்பின் அவருக்கு ஒரு வழி உண்டு. ஒரே வகை வண்டிகளுக்கிடையே கழிவை ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றிக்கொள்ளலாம். பழைய கஞ்சிலின் அடிப்படைக் கட்டணம் 600 வெள்ளி, அதற்கு 55 விழுக்காடு கழிவு உண்டு. புதிய காரின் கட்டணம் 2,400, அதற்குக் கழிவு இல்லை என்று கொள்க. இப்படியே விட்டால் 270ம் 2,400ம் சேர்ந்து 2,670 வெள்ளி. கழிவைப் புதிய காருக்கு மாற்றினால் 600ம் 1,080ம் சேர்ந்து 1,680 வெள்ளி. ஒரே ஆண்டில் 990 வெள்ளி மிச்சமாகும். இதற்குப் பழைய காரின் கழிவை விட்டுக்கொடுக்க வேண்டும். அது மறுபடி சுழியத்திலிருந்து ஏறும். விழுக்காடு என்பது பெரிய தொகையின்மீது வைக்கும்போதே பெரும்பயன் தரும். பள்ளிக்கூடத்தில் நூறு முறை செய்த கணக்குத்தான். வீட்டிற்கு வந்ததும் மறந்துவிடுகிறது.

வாசலில் நேரும் மோதல்

இனிக் கூறப்போவதே பல கார்கள் உள்ள இல்லத்தார் மிகவும் அறிய வேண்டுவது. காலையில் வேலைக்கு விரைந்து செல்லும் மகன், தன் காரைப் பின்னோக்கி எடுக்கையில் தந்தையின் காரின்மேல் மோதிவிடுகிறான். பிழை மகனுடையது. மகனுடைய பத்திரத்தில் பிறர் பொருளுக்கு நேரும் சேதத்திற்கு 30 லட்சம் வெள்ளி வரையில் பொறுப்பேற்பதாக எழுதப்பட்டுள்ளது. தெருவில் செல்லும் அயலார் காராக இருந்தால் அப்பத்திரம் பணம் கொடுத்திருக்கும். தந்தையின் காருக்கு அது கொடுக்காது. பொதுவான பத்திரங்களில் மூன்றாம் தரப்புப் பொறுப்பைக் கூறும் பகுதியின் கீழே ஒரு விலக்கு உண்டு: காப்புறுதி எடுத்தவருக்கோ, அவர் இசைவு பெற்று ஓட்டியவருக்கோ, இவ்விருவரின் இல்லத்தாருக்கோ சொந்தமான, அல்லது அவர்கள் பொறுப்பில் உள்ள பொருளுக்கு நேரும் சேதம் ஏற்கப்படாது. சட்டத்தின் கண்ணில் தந்தையும் மகனும் இருவர். அவர்களுடைய பத்திரங்களும் இரண்டு. ஆயினும் ஒரே கூரையின் கீழ் வாழ்வதனால் மகனுக்குத் தந்தை மூன்றாம் தரப்பாகார்.

ஆகவே தந்தை தம் காரின் பழுதிற்குத் தம் பத்திரத்தையே நாட வேண்டும். மகனும் தன் காருக்குத் தன் பத்திரத்தையே நாட வேண்டும். இருவரும் கோரினால் இரண்டு கழிவுகளும் சரியும் ஆபத்து உண்டு. தந்தையின் கார் மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் உடையதாயின் அவருக்கு எவ்விடத்தும் ஒரு காசும் கிடைக்காது. ஒரே வாசலில் இரண்டு மூன்று கார்கள் நெருங்கி நிற்கும் வீட்டில் இவ்வகை மோதலே எளிதில் நேரக்கூடியது.

பொருளைவிட உயிர் பெரிது. அதே விலக்குப் பகுதியில் மற்றொரு தொடரும் உண்டு. வண்டியில் பயணம் செய்யும் இல்லத்தார்க்கு நேரும் மரணத்திற்கோ காயத்திற்கோ ஏற்படும் பொறுப்பையும் நிறுவனம் ஏற்பதில்லை. வேலை ஒப்பந்தத்தின் காரணமாக ஏற்றிச் செல்லப்படுபவர் மட்டும் இதற்குப் புறநடை. கணவன் ஓட்டும் காரில் மனைவி காயமுற்றால், கணவனின் கவனக்குறைவே காரணமாயினும், அவள் அப்பத்திரத்தின்மீது இழப்பீடு பெற இயலாது. பயணிகள்பால் உள்ள பொறுப்பிற்கெனத் தனிக் கட்டணம் செலுத்திச் சேர்த்துக்கொள்ளும் பிரிவு ஒன்றுண்டு. அதனுள்ளும் இல்லத்தார் அடங்குவரா என்பதை முகவரின் வாய்மொழியால் அன்றி எழுத்தால் கேட்டறிதல் வேண்டும். இவ்விடைவெளியை நிரப்பத் தனிநபர் விபத்துக் காப்புறுதி என்னும் வேறொரு பத்திரமே பொருத்தமானது; மூன்று கார்களுக்கும் கூடுதல் சேர்ப்புகளைத் தேடுவதினும் குடும்பத்தினர் ஒவ்வொருவர் பெயரிலும் அதனை எடுத்து வைப்பது தெளிவான வழி. அவர்கள் எக்காரில் ஏறினும் அது உடன் செல்லும். வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்திற்குத் தொழிலாளர்க்கு 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சொக்சோ உதவி உண்டென்பதையும் இங்கே நினைவிற் கொள்க.

இல்லத்தார் என்ற சொல்லின் எல்லையும் ஆராயத்தக்கது. தமிழில் குடும்பம் என்றால் மணமாகி வேற்றூரில் வாழும் மகளையும் சேர்த்தே எண்ணுவர். பத்திரம் கூறும் இல்லத்தார் இரத்த உறவால் மட்டும் அளக்கப்படுவோர் அல்லர். ஒரு மனையில் சேர்ந்து வாழ்வோர் என்பதே சொல்லின் கருத்து. ஆதலின் ஈப்போவில் தனிக்குடித்தனம் நடத்தும் மகனும், தைப்பிங்கில் பெற்றோருடன் வாழும் மகனும் இவ்விலக்கிற்கு ஒரே தன்மையர் அல்லர். விடுமுறைக்கு வந்து தங்கியிருந்தவன் எத்தன்மையன் என்று வழக்கு எழுந்தால், அதற்கு முடிவு கூற வேண்டியது நீதிமன்றம்.

ஓட்டுவோர் யாவர்

பல கார்கள் உள்ள வீட்டில் எந்தக் காரை எவர் ஓட்டுவார் என்பது திறவுகோல் மாட்டும் ஆணியைப் பொறுத்தது. பின்னால் நிற்கும் காரை எடுப்பவர் எடுத்துச் செல்வர். உரிமையாளரின் இசைவு பெற்ற, செல்லுபடியாகும் உரிமம் உள்ள எவரும் ஓட்டலாம் என்பதே பொதுவிதி. ஆனால் பத்திரத்தில் பெயர் குறிக்கப்படாதவர், 21 வயது நிரம்பாதவர், 'பி' உரிமம் உடையவர் ஆகியோர் ஓட்டுகையில் சொந்த வண்டிக்குச் சேதம் நேர்ந்தால், முதல் 400 வெள்ளியை உரிமையாளரே ஏற்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. சில நிறுவனங்கள் இதனைத் தளர்த்தியுள்ளன. வீட்டில் உரிமம் உள்ள அனைவர் பெயரையும் எல்லாக் கார்களின் பத்திரங்களிலும் எழுதச் செய்துவிடுவதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. அதனைச் செய்யாது விடுவதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் இல்லை.

நாள்தோறும் ஓட்டுபவர் மகனாயிருக்க, தந்தையே ஓட்டுகிறார் என்று கூறிக் கட்டணத்தைக் குறைக்க முயல்வது வேறு செய்தி. 2017க்குப் பின் ஓட்டுநரின் வயதும் கோரிக்கை வரலாறும் கட்டணத்தை நிருணயிப்பதில் இடம்பெறுகின்றன. கேட்கப்பட்ட வினாவிற்குத் தவறான விடை தராதிருக்க எடுப்பவர் தக்க கவனம் எடுத்தல் வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டம் கடமை விதிக்கிறது. அக்கடமை தவறினால் கோரிக்கை குறைக்கப்படலாம். வேண்டுமென்றே செய்ததாயின் மறுக்கவும் படலாம்.

அமெரிக்காவில் இந்நிலை பெரிதும் வேறுபட்டது. அங்கே வீட்டில் வாழும் உரிமம் பெற்றோர் அனைவரையும் பத்திரத்தில் காட்டச் சொல்வதும், பல கார்களை ஒரே பத்திரத்தில் சேர்த்துத் தள்ளுபடி தருவதும் வழக்கம். பிரிட்டனிலும் ஓரில்லக் கார்களை ஒன்றுசேர்க்கும் திட்டங்கள் உள்ளன. அங்கும் ஒவ்வொரு காரின் கழிவும் தனித்தனியே கணக்கிடப்படும்.

வெள்ளம் வந்த நாள்

கார்கள் தனித்தனியே ஓடுகின்றன. இரவில் ஒன்றாக நிற்கின்றன. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெய்த பெருமழையால் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா போன்ற குடியிருப்புகள் நீரில் மூழ்கியபோது இதன் பொருள் விளங்கிற்று. விபத்தில் ஒரு கார் போனால் மற்றொன்று எஞ்சும். வெள்ளத்தில் வீட்டின் கார்கள் அனைத்தும் ஓரிரவிலேயே கெட்டன. பொதுவான முழுமைக் காப்புறுதியில் வெள்ளம் அடங்குவதில்லை. வெள்ளம், புயல், நிலச்சரிவு முதலிய இயற்கைக் கேடுகளுக்கு வேறாகக் கட்டணம் செலுத்திச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய கட்டண விதியில் அது காப்புறுதித் தொகையில் 0.5 விழுக்காடாக இருந்தது; 60,000 வெள்ளிக் காருக்கு 300 வெள்ளி. இப்பொழுது நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும்.

இச்சேர்ப்பு இல்லாதவர் நீரில் கெட்ட காருக்கு ஒன்றும் பெறார். வங்கியின் தவணையை மட்டும் தொடர்ந்து செலுத்துவார். மூன்று கார்களில் ஒன்றிற்கேனும் இதனைச் சேர்ப்பதாயின் எதற்குச் சேர்ப்பது? மிகுந்த கடன் பாக்கியுள்ள காருக்கே முதலிடம். தாழ்ந்த நிலத்தில் வீடிருந்தால் மூன்றிற்குமே சேர்ப்பதுதான் முறை.

பழைய காரைப் பற்றிச் சில சொற்கள் போதும். சந்தை விலையில் 90 விழுக்காட்டிற்கும் குறைவான தொகைக்குக் காப்புறுதி எடுத்தால், இழப்பீடும் அவ்விகிதத்தில் குறையும். 40,000 வெள்ளி பெறும் காரை 30,000க்கு எழுதிவைத்து 8,000 வெள்ளிச் சேதம் வந்தால், கிடைப்பது 6,000. ஐந்தாண்டு கடந்த காருக்குப் புதிய பாகம் பொருத்தினால் அதன் விலையில் 15 விழுக்காடு முதல், பத்தாண்டானால் 40 விழுக்காடு வரை உரிமையாளர் தாங்க வேண்டும் என்னும் அட்டவணையும் உண்டு. கடன் தீர்ந்து, மதிப்பும் தேய்ந்து, சந்தைக்குப் போய்வர மட்டும் பயன்படும் காருக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதியே போதும் என்று முடிவு செய்வதில் பிழையில்லை. வாசல் மோதலில் அதற்கு ஒன்றும் கிடையாது என்பதை அறிந்து முடிவு செய்ய வேண்டும்.

பெயர் யாருடையது

உறவினர்க்கிடையே காரைக் கைமாற்றி, பதிவை மாற்றாமல், 'சம்போங் பாயார்' என்று தவணையை மட்டும் தொடர்ந்து செலுத்தும் வழக்கம் இந்நாட்டில் பரவியுள்ளது. அண்ணன் பெயரில் உள்ள காரைத் தம்பி ஓட்டுவான். தவணையும் தம்பியே செலுத்துவான். அக்காரின்மீது காப்புறுதி கொள்ளத்தக்க உரிமை யாருக்கு என்ற வினா விபத்து நாளில் எழும். பதிவேட்டில் தம்பி பெயர் இல்லை. வங்கியின் ஒப்பந்தத்திலும் இல்லை. கார் முற்றும் அழிந்தால் பணம் முதலில் வங்கிக்கும், எஞ்சியது பதிவு பெற்ற உரிமையாளருக்கும் செல்லும். ஐந்தாண்டு தவணை செலுத்திய தம்பி அண்ணனின் நல்லெண்ணத்தை நம்பி நிற்க வேண்டியதே.

வீட்டுக் கார்கள் யாவும் தந்தை ஒருவர் பெயரிலேயே இருக்க, அவர் இறந்துவிடும் குடும்பங்களின் நிலையும் இத்தகையதே. மூன்று கார்களும் ஒரே நாளில் இறந்தவரின் சொத்தாகின்றன. பெயர் மாற்றத்திற்குச் சொத்துப் பங்கீட்டு ஆணை வேண்டும். அதற்கு மாதங்கள் செல்லும். இடையில் காப்புறுதியும் சாலை வரியும் முடியும் நாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இறப்பை நிறுவனத்திற்கு உடனே அறிவித்து, பெயர் மாறும்வரை அவற்றை யார் ஓட்டலாம் என்பதை எழுத்து வடிவில் பெற்றுக்கொள்ள வேண்டும். அதன்பின் கார்கள் மனைவி பெயருக்கோ பிள்ளைகள் பெயருக்கோ மாறுகையில் புதிய பத்திரங்கள் எழுதப்படும். பதினைந்தாண்டு தந்தையின் காரை ஓட்டிவந்த மகன், முப்பத்தைந்தாம் வயதில், கழிவு ஏதுமின்றி முழுக் கட்டணத்தையும் செலுத்தித் தன் முதற்பத்திரத்தை வாங்குவான்.